ஐந்து ஸ்பீக்கரும் ஒரு கண்ணாடி அலமாரியும்

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த முடிவை எடுத்தேன். இனி இந்த ஜென்மத்தில் சினிமாக் கொட்டகைக்கு நான் போவதில்லை. வேண்டுமானால் கொட்டகை என்னிடம் வரட்டும்.

காரணம் இல்லாமல் இல்லை. முந்தின நாள் எங்கள் ஊர் கரகந்தாவில் மூக்கு மயிர் உறைகிற குளிர். இரண்டு கோட்டு, மூன்று கம்பளிக் காலுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, பஸ்ஸில் இடிபட்டுக் கொட்டகைக்குப் போனேன். எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மாள் நரித்தோல் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் கழற்றுங்கள் என்றேன். கழற்றினால் காது வலிக்கும் என்றாள். படம் முழுவதையும் நரிக்கு வலப்பக்கமும் இடப்பக்கமுமாகத்தான் பார்த்தேன். கதாநாயகன் எப்போதும் நடுவிலேயே நிற்கிறவன் என்பதால், அவன் குரல் மட்டும்தான் எனக்குத் தெரியும்.

முடிவை மனைவியிடம் சொல்ல வேண்டுமே. கூலியாஷ் பாலர் பள்ளி நடத்துகிறவள். மத்தியானம் தூங்கமாட்டேன் என்று உருண்டு புரளும் பிள்ளைகளை அதட்டாமல் அடிக்காமல் தூங்கவைத்துவிடுவாள். "முடியாது" என்ற சொல்லே அவள் வாயில் வராது. அதனால்தான் அவளிடம் எனக்குப் பயம்.

"விருந்தாளி அறையில ஒரு ஹோம் தியேட்டர் வைக்கப்போறேன்," என்றேன்.

"வைங்களேன்."

"திரை ரொம்பப் பெருசா இருக்கும்."

"சின்னதா வச்சா நல்லாவா இருக்கும்?"

"சுத்தி அஞ்சு ஸ்பீக்கர். தரையில தனியா ஒண்ணு. அது இடி இடிக்கிறதுக்கு."

"வைங்க. இந்த வீட்டுல இடி இடிக்க ஆள் இல்லாமத்தான் கஷ்டப்பட்டுக்கிட்டிருந்தோம்."

சண்டைக்கென்று நான் தயார் செய்து வைத்திருந்த பதில்கள் அத்தனையும் வீணாகிவிட்டன. அவற்றில் இரண்டு உண்மையிலேயே நல்ல பதில்கள். வருஷக் கடைசி போனஸ் முழுக்க இதிலேயே போய்விடும் என்பதையும் சொல்லிவிட்டேன். அதற்கும் தலையாட்டினாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம் வந்தது.

எங்கள் கட்டடத்தில் ஒலி விஷயத்தில் நிபுணர் என்றால் கீழ்வீட்டு எதுவார்த் அண்ணன்தான். நிலக்கரிச் சுரங்கத்தில் வெடி வைக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனால் ஒரு காது முழுசாகவும் இன்னொன்று பாதியாகவும் கேட்காது. கேட்கிற பாதிக் காதை வைத்துக்கொண்டு ஊருக்கே ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தவர். வீட்டில் பீரோ அளவில் இரண்டு பழைய ஸ்பீக்கர் வைத்திருக்கிறார். அவர் பாட்டுக் கேட்டால் எங்கள் வீட்டுத் தேநீர்க் கோப்பை நடக்கும்.

"அண்ணே, புரொஜெக்டர் வாங்கலாமா, டிவி வாங்கலாமா?" என்று கத்தினேன்.

"எதுக்குக் கத்துற? மொதல்ல அறையை அள. அப்புறம் எங்க உக்காருவேன்னு முடிவு பண்ணு. அதுக்கப்புறம்தான் திரை. எல்லாரும் கடையில போய் திரையை வாங்கிட்டு வீட்டுக்கு வந்து இடம் தேடுறான். நீயும் அப்படித்தானே செய்யப்போற?"

"இல்லண்ணே."

"செய்வ. உன் மூஞ்சியிலேயே தெரியுது. அப்புறம் இன்னொண்ணு. படம் கொஞ்சம் மங்கலா இருந்தா மனுஷன் பொறுத்துக்குவான். சத்தம் கொரகொரன்னு இருந்தா எழுந்து போயிடுவான். அதனால ஸ்பீக்கருக்குச் செலவு பண்ணு. பேச்சு வர்றது நடு ஸ்பீக்கர்ல. அதுல மட்டும் கஞ்சத்தனம் காட்டாதே."

"உங்களுக்குப் பேச்சு கேக்குமாண்ணே?"

"கேக்காது. ஆனா நல்ல ஸ்பீக்கர்னா உதடு அசையும்போதே நெஞ்சில தட்டும்."

எனக்குப் புரியவில்லை. ஆனாலும் உடம்பு சிலிர்த்தது.

சனிக்கிழமை கடைக்குக் கிளம்பினேன். கூலியாஷும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ எதுக்கு? இதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்."

"பெட்டி தூக்க ஆள் வேணாமா, வீட்டுத் தலைவரே?"

எங்கள் பக்கம் மனைவிமார் கணவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு கேலி என்பதைக் கணவன்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

கடையில் புரொஜெக்டர் முன்னால் போய் நின்றேன். விற்பனைப் பையன் விளக்கை அணைத்துச் சுவர் முழுக்கக் கடலைக் காட்டினான். கால் நனைந்ததுபோல் இருந்தது.

"இருட்டுலதான் தெரியுமாப்பா?" என்று கூலியாஷ் கேட்டாள்.

"ஆமாம்மா. வெளிச்சம் இருந்தா வெளுத்துடும்."

"விருந்தாளி வந்தா இருட்டுல எப்படிங்க சாப்பாடு போடுறது? கறித்துண்டுன்னு நெனச்சுப் பக்கத்துல இருக்கிறவங்க விரலைக் கடிச்சுட மாட்டாங்களா?"

கடல் வற்றியது. பெரிய டிவி பக்கம் நகர்ந்தோம்.

இங்கேதான் அவள் என்னை அசத்தினாள். நான் மலிவான ஆம்ப்ளிஃபயர் ஒன்றில் கை வைத்தேன். "நல்லதா எடுங்க. நாலு பேர் பார்க்கிற பொருள். யாரும் குறை சொல்லக்கூடாது," என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு நல்ல சட்டை எடு என்று சொல்லாதவள், நல்ல ஆம்ப்ளிஃபயர் எடு என்கிறாள்.

நான் கறுப்பு ஸ்பீக்கர் கேட்டேன். அவள் வெள்ளை என்றாள்.

"சின்னஞ்சிறுசுங்களுக்கு வெள்ளைதாங்க பிடிக்கும்."

"யாருடி சின்னஞ்சிறுசு? நமக்கு அம்பது தாண்டியாச்சு."

"நான் மனசைச் சொன்னேன்."

அன்றைக்குக் கடையிலேயே எனக்கு முப்பது வயதாகிவிட்டது. அந்த மயக்கத்தில் அவள் பையனிடம் கேட்ட மற்ற கேள்விகள் என் மண்டையில் ஏறவில்லை. ஒரே அறை இருக்கிற வீட்டுக்கு இது சரிப்படுமா என்று கேட்டாள். நம் வீட்டில் மூன்று அறை என்று நான் ஞாபகப்படுத்தினேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றாள். கழற்றி எடுத்துக்கொண்டுபோய் வேறு வீட்டில் மாட்டினால் கெட்டுப்போகுமா என்றும் கேட்டாள். பெட்டி பத்திரமாக இருந்தால் எங்கேயும் கொண்டுபோகலாம் என்றான் பையன்.

வீட்டுக்கு வந்ததும் பிரித்த பெட்டிகளை நான் குப்பைக்குத் தூக்கினேன். அவள் வாங்கி, தெர்மோகோல்கூட உடையாமல் பால்கனியில் அடுக்கிவைத்தாள்.

இனி அலமாரி. விருந்தாளி அறையின் நீளச் சுவர் முழுக்க ஒரு கண்ணாடி அலமாரி நிற்கிறது. கல்யாணமான புதிதில் வரிசையில் நின்று வாங்கியது. உள்ளே யாரும் குடிக்காத படிகக் கோப்பைகள், யாரும் சாப்பிடாத தட்டுகள், வாயைப் பிளந்த ஒரு கண்ணாடி மீன். எதுவார்த் அண்ணன் சொன்னபடிதான் நடந்தது. கடையில் போய்த் திரையை வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து இடம் தேடினேன்.

தற்காலிகமாக டிவியை அலமாரியின் முன்னால் ஒரு மேஜையில் வைத்தேன். ஸ்பீக்கர்களை அலமாரியின் உச்சியிலும் ஜன்னல் திண்டிலும் ஏற்றினேன். இடி ஸ்பீக்கரைத் தரையில் வைத்தேன். கப்பல் ஒன்று வெடிக்கிற படத்தைப் போட்டேன்.

கப்பல் வெடித்தது. அலமாரிக்குள் இருந்த அத்தனை கோப்பைகளும் கிணுகிணு என்று பாட ஆரம்பித்தன. கண்ணாடி மீன் மெள்ள நகர்ந்து கதவு வரைக்கும் வந்துவிட்டது.

கூலியாஷ் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நல்லாயிருக்குங்க. கோயில் மணியெல்லாம் அடிக்குதே. படத்துல கல்யாணமா?"

"கப்பல் முழுகுதுடி!"

"ஐயோ பாவம். மணி அடிச்சுக்கிட்டேவா முழுகுது?"

"அது உன் கோப்பை!"

"ஓ. அப்ப ரெண்டும் ஒரே அறையில இருக்காது போலிருக்கே." குரலில் துளிக் கோபம் இல்லை. "அலமாரியை நகர்த்திடலாம். எங்க வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். படுக்கையறைக் கதவுக்குள் அலமாரி நுழையாது என்று அளந்து காட்டினாள். நடைவழியில் வைக்கலாம் என்றேன். வைக்கலாமே, நாம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்துகொள்ளலாம் என்றாள். நான்காவது மாடி எங்களுடையது. நான் சொன்ன இடம் எதையும் அவள் மறுக்கவில்லை. அளந்துகொண்டே வந்தாள். ஒரு வாரம் கப்பல் சத்தமில்லாமல் மூழ்கியது.

போனஸ் போய்விட்டது. பொருள் வந்துவிட்டது. ஆனால் ஒரு படத்தை ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை.  அப்போதுதான் எனக்கு என் அக்கா மகன் ஒல்ஜாஸின் ஞாபகம் வந்தது.

எங்கள் வழக்கப்படி தாய்மாமன் வீட்டில் மருமகனுக்கு மூன்று உரிமை உண்டு. ஆயுசுக்கு மூன்று தடவை, மாமன் வீட்டில் எதைக் கேட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும். அந்தக் காலத்தில் வந்து நல்ல குதிரையாகப் பார்த்து அவிழ்த்துக்கொண்டு போவான். மாமன் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்த்துவான். மறுத்தால் கை நடுக்கம் வரும் என்பார்கள். கை நடுக்கம் வராவிட்டாலும் ஊர் சிரிக்கும். அதுதான் பெரிய பயம். ஒல்ஜாஸ் ஆறு வயதில் என் வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான். இருபதில் என் மோட்டார் சைக்கிள். இப்போது மல்யுத்தப் பயிற்சியாளன், அடுத்த மாதம் கல்யாணம். மூன்றாவது உரிமை அப்படியே இருக்கிறது.

அவன் வந்து அலமாரியைக் கேட்டால்? கூலியாஷ் என்ன செய்ய முடியும்? வழக்கம் ஆயிற்றே!

வீட்டுக்குள் பேச முடியாது. பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டிகளுக்கு நடுவில் குந்தியபடி போன் போட்டேன்.

"மாப்ளே, உன் மூணாவது தடவை இருக்கில்ல? அதுக்கு எங்க வீட்டுக் கண்ணாடி அலமாரியைக் கேளு."

"அலமாரியா? எனக்கு எதுக்கு மாமா? என் வீட்டுக் கதவுக்குள்ளயே வராது."

"உனக்கு வேணாம்டா. வெளியில கொண்டுபோய் யாருக்காவது குடுத்துடு. எனக்குச் சுவரு வேணும்."

"ஒரே ஒரு தடவைதான் மாமா பாக்கி. அதைப் போய் அலமாரியில விடச் சொல்றீங்களே. அத்தை அழுவாங்க."

"அழமாட்டா. எல்லார் முன்னாடியும் கேட்டா எப்படி அழுவா? சனிக்கிழமை மத்தியானம் குளிர்காலக் கறி விருந்து வச்சிருக்கோம். சொந்தக்காரங்க எல்லாரும் வருவாங்க. அங்க எழுந்து நின்னு கேளு."

அந்த நேரம் பால்கனிக் கதவு லேசாகத் திறந்தது. கூலியாஷின் கை மட்டும் வெளியே வந்தது. கையில் என் கம்பளித் தொப்பி.

"குளிருதுங்க. போட்டுக்கிட்டுப் பேசுங்க," என்றாள். கதவு மூடிக்கொண்டது.

எவ்வளவு நல்லவள் என்று ஒரு கணம் மனசு உறுத்தியது. தொப்பி காதை மூடியதும் உறுத்தல் நின்றுவிட்டது.

சனிக்கிழமை வந்தது. ஒரு வண்டி ஜனம். குதிரைக் கறி அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. டிவிக்கு ஒரு போர்வையைப் போர்த்தி ஓரமாக நிறுத்தியிருந்தோம். எதுவார்த் அண்ணனும் வந்து அண்டாவுக்குப் பக்கமாக இடம் பிடித்திருந்தார். சாப்பாட்டுக்கு நடுவில் ஒவ்வொருவராக எழுந்து நாலு வார்த்தை பேசுவது எங்கள் வழக்கம். என் முறை வந்தது.

பேசினேன். அடேயப்பா, எப்படிப் பேசினேன்! இந்தக் காலத்துப் பிள்ளைகள் வழக்கத்தை மறக்கிறார்கள் என்றேன். தாய்மாமன் வீடு மருமகனுக்குத் திறந்த வீடு என்றேன். "இந்த வீட்டுல என் மருமகன் எதைக் கேட்டாலும், அது எவ்வளவு பெரிய பொருளா இருந்தாலும், என் பெண்டாட்டிக்கு எவ்வளவு பிடிச்ச பொருளா இருந்தாலும், 'இல்லை'ங்கிற பேச்சே கிடையாது. நானே முன்னால நின்னு தூக்கிக் குடுப்பேன்!" என்று மார்பில் தட்டிக்கொண்டேன். என் சித்தப்பா எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். கூலியாஷ் முந்தானை ஓரத்தால் கண்ணைத் துடைத்தாள் என்று எழுத ஆசைதான். முந்தானை எல்லாம் எங்கள் ஊரில் இல்லை. கைத்துடைக்கும் துணியால் துடைத்தாள்.

ஒல்ஜாஸ் எழுந்து நின்றான். அறையில் பாதி நிழலாகிவிட்டது. அவ்வளவு உருவம்.

"மாமா, எனக்கு மூணாவது தடவை பாக்கி இருக்கு."

"கேளு மாப்ளே, கேளு!"

என்னைப் பார்க்காமல் உத்தரத்தைப் பார்த்தான். "அந்தப் போர்வைக்குள்ள இருக்கிறதைக் குடுங்க மாமா. ஸ்பீக்கரோட."

கடித்த கறியைத் தட்டிலேயே வைத்தேன்.

"மாப்ளே, நல்லா யோசிச்சுச் சொல்லு. போர்வைக்குப் பின்னால இருக்கிறதையா சொல்ற? அந்த அலமாரியையா?"

"இல்ல மாமா. போர்வைக்குள்ள."

எல்லோரும் கை தட்டினார்கள். எதுவார்த் அண்ணன் விஷயம் தெரியாமல் கடைசியாகத் தட்டத் தொடங்கிக் கடைசியாக நிறுத்தினார். சித்தப்பா என்னை மறுபடி கட்டிக்கொண்டு, "நீ சொன்ன சொல் காத்தவன்டா," என்றார். நான் இன்னும் எதுவுமே சொல்லவில்லை.

"பெட்டியெல்லாம் பால்கனியில பத்திரமா இருக்கு ஒல்ஜாஸ்," என்று கூலியாஷ் குரல் கொடுத்தாள். "தெர்மோகோலும் இருக்கு. மாமா முன்னால நின்னு தூக்கிக் குடுப்பார்."

தூக்கிக் கொடுத்தேன். நான்கு மாடி. இடி ஸ்பீக்கர் எவ்வளவு கனம் என்று கடைக்காரர்கள் யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன், ஒரு வளர்ந்த ஆடு.

எல்லோரும் போனபிறகு சமையலறையில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"நீதானே அவனுக்குச் சொல்லிக் குடுத்த?"

"எதைங்க?"

"நடிக்காதே! எப்படித் தெரியும் உனக்கு?"

"பால்கனிக் கதவுல ஒத்தைக் கண்ணாடிங்க. நீங்க போன்ல ரகசியம் பேசினா கீழ்வீட்டு எதுவார்த் அண்ணனுக்கே கேக்கும்." ஒரு தட்டைக் கழுவி என் கையில் கொடுத்தாள், துடைக்க. "அந்தப் பிள்ளைக்கு அடுத்த மாசம் கல்யாணம். தாய்மாமன் சீர் நாமதான் செய்யணும். உங்களை விட்டா ஒரு போர்வையோட முடிச்சிடுவீங்க. நல்லதா எதை வாங்குறது, உங்களை எப்படிக் காசை அவிழ்க்க வைக்கிறதுன்னு நான் முழிச்சிக்கிட்டிருந்தேன். நீங்களே ஹோம் தியேட்டர்னு வந்து நின்னீங்க."

"அப்ப கடையில நல்ல ஆம்ப்ளிஃபயர் எடுக்கச் சொன்னது?"

"பொண்ணு வீட்டுக்காரங்க பார்க்க மாட்டாங்களா?"

"வெள்ளை ஸ்பீக்கர்?"

"அந்தப் பொண்ணைக் கேட்டேன். வெள்ளைன்னு சொல்லுச்சு."

தட்டைத் துடைத்தேன். வேறு என்ன செய்ய?

"வாங்கியாச்சு. ஆனா உங்ககிட்ட எப்படிக் கேக்கிறதுன்னுதான் தெரியலை," என்றாள் கூலியாஷ், நிஜமாகவே நன்றியோடு. "நீங்களே மூணாவது தடவைன்னு வழி காட்டிட்டீங்க. எல்லார் முன்னாடியும் எவ்வளவு அழகாப் பேசினீங்க! ஊரெல்லாம் உங்க பேச்சுதான்."

அது உண்மைதான். அலுவலகத்தில்கூட வந்து கை குலுக்கினார்கள். எங்களுடையது நகரத்து வீடுகளுக்கு வெந்நீர் அனுப்புகிற அலுவலகம். அங்கே யாரும் யாருக்கும் கை குலுக்குவதில்லை. கையெழுத்துப் போடும்போது என் கை நடுங்குகிறதா என்று ஒருவர் உற்றுப் பார்த்தார். கொடுத்தும் நடுங்கியது, அது ஸ்பீக்கர் தூக்கியதால்.

கல்யாணம் முடிந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமையே புதுப்பெண் எங்களை விருந்துக்கு அழைத்தாள். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சேர்ந்து புதுப்படம் பார்க்கலாம் என்றாள். எனக்குத் துக்கம் பாதி குறைந்தது. யார் வீட்டில் இருந்தால் என்ன? நான் தேர்ந்தெடுத்த பொருள். நடு ஸ்பீக்கரில் கஞ்சத்தனம் காட்டாத கை இது. நெஞ்சில் தட்டுகிறதா இல்லையா என்று பார்த்துவிடுவோம்.

ஒரே அறை. வாசலுக்கு எதிர்ச் சுவரில், வழுக்கிக்கொண்டு போகிற பளபளப்போடு, என் டிவி. இரண்டு பக்கமும் என் வெள்ளை ஸ்பீக்கர்கள். பார்த்ததும் அதன் கன்னத்தைத் தடவிக் கொடுக்க வேண்டும் போல் இருந்தது. அதற்கு முன்னால் நீள மேஜை. பெண் வீட்டார் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"வாங்க மாமா, மேல வாங்க," என்று புதுப்பெண் குனிந்து வணங்கி, என் முழங்கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

வாசலுக்கு எதிர்ச் சுவரோரம்தான் எங்களில் முதல் மரியாதைக்குரிய இடம். வீட்டுக்கு வந்தவர்களில் பெரியவர் அங்கே, சுவருக்கு முதுகு காட்டி, வாசலைப் பார்த்து உட்கார வேண்டும். தாய்மாமனுக்கு மேல் பெரியவர் யார்? அந்த நாற்காலி சரியாக டிவிக்குக் கீழே போடப்பட்டிருந்தது.

"நான் இப்படி வாசப்பக்கமா உக்காந்துக்கிறேனேம்மா. காத்தோட்டமா இருக்கும்," என்றேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "மாமா, என்ன தப்பு செஞ்சேன்? உங்களை வாசப்படியில உக்கார வச்சேன்னு தெரிஞ்சா எங்க அம்மா என்னை உயிரோட விடமாட்டாங்க."

அவளுடைய அம்மா அங்கேயேதான் இருந்தாள். விடமாட்டாள் போலத்தான் இருந்தது. போய் உட்கார்ந்தேன்.

"டிவியை இந்தச் சுவத்துல மாட்டச் சொன்னது யாருடா?" என்று ஒல்ஜாஸின் காதைக் கடித்தேன்.

"அத்தைதான் மாமா. வந்து அளந்து பார்த்துச் சொன்னாங்க."

விளக்கை அணைத்தார்கள். படம் ஓடியது. என் முதுகெலும்பில் குதிரைகள் ஓடின. பிடரியில் மழை பெய்தது. எதுவார்த் அண்ணன் சொன்னது சத்தியம், பேச்சு நெஞ்சிலேயே தட்டியது, ஆனால் பின்பக்கமாக. எனக்கு எதிரே வாசல் ஓரத்தில், தோதான தூரத்தில், கூலியாஷ் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீல வெளிச்சத்தில் அவள் கண் விரிந்தது, சுருங்கியது, ஒரு இடத்தில் கண்ணீர்கூட வந்தது. யாரோ செத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. யார் என்று தெரியவில்லை. தலையைத் திருப்பினேன். "மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் கறி வைங்க, கேக்கிறார்," என்று சம்பந்தியம்மாள் சொன்னாள்.

படம் ரொம்ப நன்றாக இருந்ததாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் கூலியாஷ் கதை முழுவதையும் எனக்குச் சொன்னாள், முடிவைத் தவிர. அதையும் சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வரமாட்டேனாம்.